ஜெபமும் எஞ்சினும்

அமெரிக்கா தேசத்தில் வர்ஜினியா என்கின்ற மாகாணத்தில் லிஞ்ச்பர்க் என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் ஜெர்ரி ஃபால்வெல் என்னும் பாப்டிஸ்ட் பாதிரியார் 1956-ம் வருஷத்தில் ஒரு தேவாலயத்தை ஸ்தாபித்து, ரேடியோ மூலமாகவும் டெலிவிஷன் மூலமாகவும் வேதப் பிரசாரம் செய்து பெரும் பெயரும் பெரும் பணமும் சம்பாதித்தார். 1971-ல் அவரே ஒரு பாப்டிஸ்ட் காலேஜையும் ஆரம்பித்தார். அது வளர்ந்து 1985-ல் "லிபர்ட்டி யூனிவர்சிட்டி", அதாவது சுதந்திர சர்வகலாசாலை என்று பெயர் வைத்துக்கொண்டது. 2007-ல் அதில் எஞ்சினீரிங் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அதே வருஷத்தில் ஃபால்வெல் பாதிரியார் காலமானார். இன்று அச்சர்வகலாசாலையில் ஒரு லட்சம் பேருக்கு மேல் படிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே இணையத்தின் மூலம் படிக்கிறவர்கள். எஞ்சினீரிங் பள்ளியோ மின்சாரம், இயந்திரம், கம்ப்யூட்டர் என்று கிளைவிட்டு வளர்ந்து, எஞ்சினீரிங் படிப்புகளைப் பரீட்சித்து அங்கீகாரம் கொடுக்கும் பொதுச் சபையின் அங்கீகாரத்தையும் பெற்றிருக்கிறது.

எங்கேயோ இருக்கும் ஒரு பாதிரியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி நாம் ஏன் எழுதுகிறோம் என்று சிலர் கேட்கலாம். மதம் என்பது ஒரே சமயத்தில் இரண்டு கணக்குப் புஸ்தகங்கள் வைத்துக்கொண்டு எப்படி வியாபாரம் நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கிறிஸ்தவர்கள் எஞ்சினீரிங் கற்றுக் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. சந்தோஷமே படுகிறோம். அமெரிக்காவில் நோட்டர்டேம் என்னும் கத்தோலிக்கக் கலாசாலையில் 1873-லேயே எஞ்சினீரிங் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் வேதத்தைக் காதால் கேட்கக்கூடாது என்று மனுதர்மத்தால் விலக்கி வைக்கப்பட்டிருந்த ஜனங்களுக்குப் பாதிரிமார்கள் பள்ளிக்கூடம் வைத்தார்கள் என்பதை நாம் மறைக்கிறவர்களல்ல. நாம் கேட்பதெல்லாம் வேறு கேள்வி. எல்லாம் வல்ல ஒரு ஆண்டவன் இருக்கிறான், அவனை வேண்டினால் வேண்டியது கிடைக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லுகிறவர்களுக்குத் திங்கட்கிழமை எஞ்சினீர் எதற்காக வேண்டும்?

இடிதாங்கியின் கதை

இந்தக் கேள்வி புதிதல்ல. ஐரோப்பாவில் பல நூற்றாண்டு காலம் இடி மின்னல் வந்தால் கோவில் மணியை அடித்தால் அது விலகிப்போகும் என்று நம்பி, மழையில் கோபுரத்தின் மேல் ஆளை ஏற்றி மணி அடிக்கச் செய்தார்கள். ஊரிலேயே உயரமான கட்டடம் கோவில் கோபுரம். மணி வெண்கலம், கயிறோ மழையில் நனைந்த கயிறு. பின் யார் மேல் இடி விழும்? 33 வருஷ காலத்தில் 386 கோபுரங்களில் இடி விழுந்து மணி அடித்தவர்களில் 103 பேர் மாண்டார்கள் என்று மூனிச் நகரில் 1784-ல் வெளியான ஒரு நூல் கணக்குக் கொடுத்தது. இதற்கு 32 வருஷத்திற்கு முன்பே, 1752-லேயே, பெஞ்சமின் பிராங்க்ளின் மின்னல் என்பது மின்சாரந்தான் என்று காட்டி, ஒரு இரும்புக் கம்பியால் அதைத் தரைக்குள் இறக்கிவிடலாம் என்று வழியும் சொல்லிவிட்டார். அதற்குப் பாதிரிமார்கள் என்ன செய்தார்கள்? 1755-ல் பாஸ்டன் நகரத்தில் பூமி அதிர்ச்சி ஏற்பட்டபோது, தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார் ஊரில் இடிதாங்கிக் கம்பிகளை அதிகமாக நட்டதுதான் இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று எழுதினார். ஆண்டவனின் கை வானத்திலிருந்து தடுக்கப்பட்டால் பூமியிலிருந்து வரும் என்பது அவர் கருத்து.

இன்று இடிதாங்கி இல்லாத பெரிய தேவாலயம் எங்காவது உண்டா? சிலுவைக்குப் பக்கத்தில் கம்பி நிற்கிறது. சிலுவை கோபுரத்தைக் காப்பாற்றாது, கம்பிதான் காப்பாற்றும் என்று அக்கோவிலைக் கட்டினவர்களே ஒப்புக்கொண்டதற்கு அதைவிட வேறு சாசனம் வேண்டுமா? கிறிஸ்தவ சர்வகலாசாலையில் வளரும் எஞ்சினீரிங் பள்ளியும் அதே கம்பிதான். சற்றுப் பெரிய கம்பி, அவ்வளவே.

மலையை நகர்த்தியது எது?

டெக்சாஸ் மாகாணத்தில் லாங்வியூ என்ற ஊரில் லெட்டூர்னோ சர்வகலாசாலை என்று ஒன்று இருக்கிறது. அதை 1946-ல் ஸ்தாபித்தவர் ஆர். ஜி. லெட்டூர்னோ என்ற இயந்திர முதலாளி. அவர் மகா பக்திமான். தம் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கை மதக் காரியங்களுக்குக் கொடுத்துவிட்டவர் என்று அவர் புகழைப் பாடுகிறார்கள். அவர் செய்து விற்ற சாமான் என்னவென்றால், மண்ணை வெட்டித் தள்ளும் ராட்சத இயந்திரங்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் நேச நாட்டுச் சேனைகள் ரோடு போடவும் விமான மைதானம் அமைக்கவும் அவருடைய இயந்திரங்களே பெரிதும் பயன்பட்டன. விசுவாசம் இருந்தால் மலையும் நகரும் என்பது அவருடைய வேதத்தின் போதனை. அவரோ மலையை நகர்த்துவதற்கு டீசல் எண்ணெயையும் இரும்பையும் நம்பினார். அவருடைய மனதில் விசுவாசம் இருந்திருக்கலாம். ஆனால், மண்ணை அள்ளியது இயந்திரம். விசுவாசமில்லாத ரஷ்யன் ஓட்டியிருந்தாலும் அது அதே அளவு மண்ணைத்தான் அள்ளியிருக்கும்.

ஒக்லஹோமா மாகாணத்தில் டல்சா நகரத்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஓரல் ராபர்ட்ஸ் என்பவர் கையை வைத்து ஜெபித்தே வியாதியைத் தீர்ப்பதாகச் சொல்லிப் பிரசித்தி பெற்றவர். அவர் 1963-ல் தம் பெயராலேயே ஒரு சர்வகலாசாலையை ஸ்தாபித்தார். அங்கும் இன்று எஞ்சினீரிங் கற்பிக்கப்படுகிறது. ஜெபத்தால் வியாதியைத் தீர்க்கிறவருக்கு ஆஸ்பத்திரி எதற்கு? ஆனால் அவர் வைத்திய கலாசாலையும், 60 மாடிக் கட்டடத்துடன் கூடிய பெரிய ஆஸ்பத்திரியும் கட்டினார். 900 அடி உயரத்தில் ஏசுநாதர் தமக்குக் காட்சி கொடுத்து அதைக் கட்டி முடிக்கலாம் என்று உறுதி சொன்னதாக 1980-ல் தம் பக்தர்களுக்குத் தெரிவித்தார். 1981-ல் திறக்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரிக்குப் போதிய நோயாளிகள் வரவில்லை. 1987-ல் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் ஆண்டவன் தம்மை அழைத்துக்கொள்வான் என்று டெலிவிஷனில் சொல்லிப் பணம் கேட்டார். பணமும் சேர்ந்தது. ஆனாலும் 1989-ல் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. 900 அடி உயரக் காட்சியால் ஒரு ஆஸ்பத்திரியின் வரவு செலவைச் சரிக்கட்ட முடியவில்லை!

ஒரே ஊரில் இரண்டு வயது

நிற்க. லிபர்ட்டி சர்வகலாசாலையின் கொள்கைப் பிரகடனத்தில் பிரபஞ்சம் ஆறு நாட்களில், அதுவும் கதையாக அல்லாமல் சரித்திரமாகவே ஆறு நாட்களில், படைக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அதைக் கற்பிப்பதற்கென்றே படைப்பு ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்றும் அங்கு உண்டு. இந்தக் கூட்டத்தாரின் கணக்குப்படி பூமிக்கு வயது சில ஆயிரம் வருஷங்கள்தான்.

அதே லிஞ்ச்பர்க் ஊர் அமெரிக்காவில் அணுசக்தித் தொழிலுக்குப் பேர் போன ஊர்களில் ஒன்று. அமெரிக்கக் கப்பற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அணு உலைச் சாமான்கள் செய்து கொடுக்கும் பெரிய கம்பெனி அங்கேதான் இருக்கிறது. யுரேனியத்தின் அணுக்கரு எப்படிப் பிளக்கும், எப்படிச் சிதையும் என்ற கணக்கு சரியாயிருந்தால்தான் அந்த வேலை நடக்கும். யுரேனியத்தில் பெரும்பகுதியாக உள்ள 238 என்னும் வகை பாதியாகச் சிதைவதற்குச் சுமார் 447 கோடி வருஷம் பிடிக்கும். அதே சிதைவுக் கணக்கைக் கொண்டுதான் பூமியின் வயது சுமார் 454 கோடி வருஷம் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வாலிபன் காலையில் பௌதிக வகுப்பில் இந்தக் கணக்கைப் படித்துப் பரீட்சையில் தேறுகிறான். மத்தியானம் வேறொரு வகுப்பில் பூமி சில ஆயிரம் வருஷத்திற்கு முன்தான் உண்டாயிற்று என்று படித்து அதிலும் தேறுகிறான். இரண்டும் எப்படி உண்மையாயிருக்க முடியும்? கணக்கு பொய்யானால் அணு உலையை நம்பக்கூடாது. கணக்கு மெய்யானால் ஆறு நாள் கதையை நம்பக்கூடாது. இரண்டையும் நம்பு, ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதே என்று சொல்வதற்குக் கல்வி என்று பேரா? சிந்திக்கும் இடத்தில் ஒரு சுவர் எழுப்புவதற்கு மாணவனிடமே கூலி வாங்கும் ஏற்பாடு என்றுதான் நாம் சொல்லுவோம்.

ஆட்சேபணைகளும் சமாதானமும்

நியூட்டன் பக்தர் அல்லவா, ஃபாரடே பக்தர் அல்லவா என்று கேட்பார்கள். ஆம், பக்தர்கள்தான். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்ற கருத்தை 1927-ல் வெளியிட்ட பெல்ஜியம் தேசத்து ஜார்ஜ் லெமைத்தர் கத்தோலிக்கப் பாதிரியாரே ஆவார். ஆனால் அவர்களில் எவரும் ஜெபத்தைக் கணக்கில் சேர்த்து விடை எழுதவில்லை. பிரபஞ்சத்தின் ஆரம்பத்தைப் பற்றிய விஞ்ஞானம் படைப்பை ருஜுப்படுத்துகிறது என்று 1951-ல் போப்பாண்டவர் பேசியபோது, லெமைத்தரே அப்படி இரண்டையும் கலப்பதை விரும்பவில்லை. ஆகவே அவர்கள் விஞ்ஞானியானது மதத்தால் அல்ல. ஆராய்ச்சி செய்யும் நேரத்தில் மதத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்ததால்தான்.

எஞ்சினீர் எதை நம்பினால் என்ன, பாலம் விழாமல் நின்றால் போதாதா என்றும் கேட்பார்கள். இது கவனிக்க வேண்டிய கேள்வி. பாலம் கட்டுவதற்குச் சூத்திரம் தெரிந்தால் போதும் என்பது நிஜந்தான். ஆனால் எஞ்சினீரின் வேலை சூத்திரத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1986-ம் வருஷம் ஜனவரி 28-ம் தேதி அமெரிக்காவின் சாலஞ்சர் என்ற விண்கலம் கிளம்பின ஒன்றேகால் நிமிஷத்திற்குள் ஆகாயத்தில் சிதறி 7 பேர் மாண்டார்கள். குளிரில் ரப்பர் வளையம் இறுகிப் போகும், இன்று கிளப்ப வேண்டாம் என்று முந்தின இரவே எஞ்சினீர்கள் சொன்னார்கள். மேலதிகாரிகள் கேட்கவில்லை. அளந்து கண்ட உண்மையைவிட மேலே உட்கார்ந்திருப்பவனின் வார்த்தை பெரிதென்று ஆனால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. அப்படியிருக்க, கேட்காதே, எழுதியிருப்பதை ஒப்புக்கொள் என்று நாலு வருஷம் பழக்கப்பட்டவன், ஒரு நாள் முதலாளிக்கு முன் நின்று "இது தப்பு, என் அளவு வேறு சொல்லுகிறது" என்று சொல்லும் துணிச்சலை எங்கிருந்து பெறுவான்? சிலர் பெறலாம். பெற்றால் அது அந்தப் பழக்கத்தை மீறிப் பெற்றதாகுமே தவிர அதனால் பெற்றதாகாது.

ஃபால்வெல் பாதிரியாரின் சரித்திரத்திலேயே இதற்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது. 2001-ம் வருஷம் செப்டம்பர் 11-ம் தேதி நியூயார்க் நகரத்தில் விமானங்களை மோதி இரண்டு பெரிய கட்டடங்களை விழச் செய்தார்கள். இரண்டு நாள் கழித்து அவர் டெலிவிஷனில், அஞ்ஞானிகளும் (பேகன்களும்), கருச்சிதைவு செய்கிறவர்களும், பெண் உரிமைக்காரர்களும், ஓரினச் சேர்க்கையாளர்களும் இது நடப்பதற்கு உதவினார்கள் என்று பேசினார். பிறகு கண்டனம் கிளம்பவே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். எஞ்சினீர்கள் என்ன செய்தார்கள்? மோதின வேகத்தில் இரும்புத் தூண்களின் மேலிருந்த தீக்காப்புப் பூச்சு உதிர்ந்துபோய், நெருப்பில் இரும்பு பலமிழந்து கட்டடம் விழுந்தது என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்து 2005-ல் அறிக்கை கொடுத்தார்கள். அதன் பேரில் உயரமான கட்டடங்களுக்கு மாடிப்படி எத்தனை வேண்டும், பூச்சு எவ்வளவு கெட்டியாயிருக்க வேண்டும் என்ற விதிகள் திருத்தப்பட்டன. பாதிரியாரின் விளக்கத்தால் ஒரு உயிராவது காப்பாற்றப்படுமா? எஞ்சினீரின் விளக்கத்தால் இனி எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்படும். இரண்டு விளக்கங்களில் எது ஒழுக்கமானது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

நிறமும் வேதமும்

ஒழுக்கத்திற்கு மதம் வேண்டும், வெறும் இயந்திரப் படிப்பு மனிதனை மிருகமாக்கிவிடும் என்பது அவர்களுடைய கடைசி ஆயுதம். அதையும் பார்ப்போம். கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் பிரித்து வைக்கக்கூடாது என்று 1954-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. 1958-ல் அத்தீர்ப்பைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர் இதே ஃபால்வெல் பாதிரியார். 1967-ல் அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தை வெள்ளைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் என்றே உள்ளூர்ப் பத்திரிகை எழுதிற்று. பிற்காலத்தில் அவரே அந்தப் போதனையைக் கைவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டியது நியாயம். தென் கரோலினாவில் பாப் ஜோன்ஸ் சர்வகலாசாலை என்ற கிறிஸ்தவ ஸ்தாபனமோ 1971 வரையில் கறுப்பு மாணவர்களைச் சேர்க்கவே இல்லை. சேர்த்த பிறகும் வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் காதலிக்கக்கூடாது என்று விதி வைத்தது. 1983-ல் சுப்ரீம் கோர்ட்டில் தோற்று வரிச்சலுகையை இழந்தும்கூட 2000 வரை அந்த விதியை விடவில்லை. அதற்கும் வேதத்தைத்தான் ஆதாரம் காட்டினார்கள்!

ஜாதியின் கொடுமையை அனுபவிக்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. மனிதனை மனிதன் தொடலாம், மணக்கலாம் என்று முதலில் சொன்னது வேதமா, பகுத்தறிவா? கோர்ட்டும் சட்டமும் கிளர்ச்சியும் முன்னே போன பிறகு, வேதம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்து, இதைத்தான் நானும் ஆதியிலேயே சொன்னேன் என்கிறது. எஞ்சினீரிங் விஷயத்திலும் அதே கதைதான்.

இதெல்லாம் யாருடைய பணத்தில் நடக்கிறது? லிபர்ட்டி சர்வகலாசாலையின் மாணவர்கள் சம்பளம் கட்டுவதற்கு அமெரிக்க சர்க்கார் வருஷந்தோறும் கோடிக்கணக்கான டாலரைக் கடனாகவும் உதவியாகவும் கொடுக்கிறது. அது எல்லா மதத்தாரும், மதமில்லாதவர்களும் கொடுக்கும் வரிப்பணம். ஆனால் அங்குள்ள உபாத்தியாயர்கள் ஸ்தாபனத்தின் மதக் கொள்கைக்கு இசைந்து நடக்க வேண்டும். சட்டப் பள்ளியைத் தவிர மற்றப் பகுதிகளில் அவர்களுக்கு நிரந்தர உத்தியோகப் பாதுகாப்பும் கிடையாது. 2009-ல் மாணவர்கள் வைத்திருந்த டெமாக்ரட் கட்சிச் சங்கத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தையும் பறித்தார்கள். இப்படிப்பட்ட ஸ்தாபனத்துக்குச் சுதந்திரம் என்று பெயர்!

நம் முதுகு

இதைப் படித்துவிட்டு நமது ஹிந்துமத அபிமானிகள் சிரிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராக்கெட் விடுவதற்கு முன் அதன் சிறு பொம்மையை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பதி வெங்கடாசலபதியின் காலடியில் வைத்துப் பூசை செய்துகொண்டு வருகிறவர்கள் யார்? நமது நாட்டு விண்வெளி ஸ்தாபனத்தின் தலைவர்கள் அல்லவா? கடைசல் பட்டறைக்கும் கம்ப்யூட்டருக்கும் குங்குமம் இட்டுச் சுண்டல் படைக்கும் எஞ்சினீரிங் காலேஜ்கள் எத்தனை? ஃபால்வெல் பாதிரியாராவது ஆறு நாள் கதையை வேறு அறையில் வைத்து நடத்தினார். நம்மவர்கள் பட்டறைக்குள்ளேயே கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். பிராமணனும் பாதிரியும் முல்லாவும் சட்டையில் வேறுபட்டவர்களே அன்றிச் சரக்கில் வேறுபட்டவர்கள் அல்லர்.

அப்படியானால் உங்கள் வழி என்ன என்று கேட்டால், காட்டுவதற்கு நம்மிடமும் ஒன்று உண்டு. தஞ்சைக்கு அடுத்த வல்லத்தில் 1988-ல் பெண்களுக்கென்றே பெரியார் மணியம்மையார் பெயரால் எஞ்சினீரிங் கல்லூரி தொடங்கப்பட்டு, 2007-ல் சர்வகலாசாலை அந்தஸ்தையும் அடைந்தது. அடுப்பூதுவதுதான் பெண்ணின் தர்மம் என்று சொன்ன சாஸ்திரத்தை ஒதுக்கி வைத்ததால்தான் அந்தக் கதவு திறந்தது. எந்தக் கடவுளிடமும் அதற்கு அனுமதி கேட்கவில்லை. ஒரு கட்டடமும் அதனால் இடிந்து விழவில்லை.

சுயமரியாதை இயக்கத்தின் "குடி அரசு" ஈரோட்டில் தோன்றிய அதே 1925-ம் வருஷத்தில்தான், அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தில் ஸ்கோப்ஸ் என்ற வாத்தியாருக்கு, உயிர்கள் பரிணாமத்தால் தோன்றியவை என்று பாடம் சொன்ன குற்றத்துக்காக 100 டாலர் அபராதம் போட்டார்கள். அந்தச் சட்டம் 1967-ல்தான் ஒழிந்தது. இன்று பரிணாமத்தைச் சொன்னால் அபராதம் இல்லை. ஆனால் அபராதம் போட்ட புத்தி இன்னும் ஒழியவில்லை. அது இப்போது நல்ல கட்டடத்தில், நல்ல இயந்திரங்களுக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கிறது.

ஆகையால் கிறிஸ்தவ சர்வகலாசாலைகளில் எஞ்சினீரிங் பள்ளிகள் வளரட்டும். இன்னும் பெரிதாக வளரட்டும் என்றே நாம் சொல்லுகிறோம். அளந்து பார், சோதித்துப் பார், தப்பானால் தள்ளிவிடு என்று பட்டறையில் கற்றுக் கொடுக்கும் புத்தியைப் பட்டறையின் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகும்படி மாணவனை நிர்ப்பந்திக்காதீர்கள் என்பதுதான் நமது வேண்டுகோள். மாணவத் தோழர்களுக்கும் அதையே சொல்லுகிறோம். இரும்பை நம்புவதற்கு முன் அதன் பலத்தைச் சோதிக்கிறீர்கள். உங்கள் தலையில் ஏற்றப்படுகிற எதையும் அப்படியே சோதியுங்கள். வேதமானாலும் சரி, கீதையானாலும் சரி, குரானானாலும் சரி, நாம் எழுதும் இந்தப் பத்திரிகையானாலும் சரி, அந்தச் சோதனையில் நிற்காததைத் தயவு தாட்சண்யமின்றித் தள்ளிவிடுங்கள்.